ரத்தக் காட்டேரிகளுக்கு எழுதிய காதல் பாட்டு

1983-இல் பெரிய வெற்றி பெற்ற 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்' பாட்டில் முதலில் பாடுவது, அதன் பாடகியாக எல்லாருக்கும் தெரிந்த வேல்ஸ்காரர் போனி டைலர் அல்ல. பியானோ ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, ஓர் ஆண் குரல் 'டர்ன் அரவுண்ட்' என்று கூப்பிடுகிறது. திரும்பிப் பார் என்கிறது. அதற்குப் பிறகுதான் டைலர் வாயைத் திறக்கிறார். அவ்வப்போது தனிமையாக இருக்கிறது என்கிறார். ஆண் குரல் மறுபடி கூப்பிடுகிறது. அவ்வப்போது களைத்துப்போகிறேன் என்கிறார். இன்னொரு முறை கூப்பிடுகிறது. இப்படியே போகிறது. பாட்டைப் பலமுறை கேட்டவர்களில்கூட இந்த ஆளை யாரென்று விசாரித்தவர்கள் குறைவு. அவர் பெயர் ரோரி டாட், கனடாக்காரர். பாட்டின் பெயருக்குக் கீழே டைலர் பெயர் மட்டும்தான் இருக்கும். வீடியோவிலும் டாட் கிடையாது.

ஒரு பெண்ணின் தனிப்பாட்டு என்று உலகம் நினைக்கும் பாட்டு, உண்மையில் இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் நாடகக் காட்சி. கூப்பிடுகிறவன் யார், எங்கே நிற்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று பாட்டு எங்கேயும் சொல்வதில்லை. இதை 'ரொம்ப ஓவர்' என்று சிரிக்கிறவர்கள் 1983-லும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். இடி மாதிரி டிரம்ஸ், தேவாலயத்தில் பாடுவதுபோலப் பின்குரல்கள், ஏழு நிமிடம் விடாத புலம்பல். சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் இதையே ஒரு மேடையில், திரை விலகி, புகை நடுவே இரண்டு பேர் நின்று பாடினால் யாரும் ஓவர் என்று சொல்ல மாட்டார்கள். அங்கே அதுதான் அளவு. மேடைக்காகப் பிறந்த ஒரு காட்சி மேடை கிடைக்காமல் வானொலிக்கு வந்து சேர்ந்ததுதான் இந்தப் பாட்டின் கதை. அதன் வசீகரமும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எழுதியவர் ஜிம் ஸ்டைன்மன். 1947-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்கள்மேல் (முழுக்கப் பாடியே நடிக்கும் நாடகங்கள்) வெறி, கூடவே ராக் இசைமேலும் அதே அளவு வெறி. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க அவருக்குக் கடைசிவரை மனமில்லை. 1969-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது 'தி ட்ரீம் எஞ்ஜின்' என்றொரு இசை நாடகத்தை எழுதி மேடையேற்றினார். நியூயார்க் நாடக உலகின் பெரிய மனிதர் ஜோசப் பாப் அதைப் பார்த்து அசந்துபோய், பையனைத் தன் பப்ளிக் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டார். 1973-இல் அங்கே நடந்த 'மோர் தேன் யூ டிஸர்வ்' என்ற நாடகத்துக்கு நடிகர் தேர்வு நடந்தபோது ஒரு பெருத்த உடம்புக்காரர் வந்து பாடினார். அவர்தான் பின்னாளில் ராக் பாடகராகப் பேர் வாங்கிய மீட் லோஃப்.

இருவரும் சேர்ந்து 1977-இல் கொடுத்த 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. அதில் இருந்த சில பாட்டுகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? பீட்டர் பேன் கதையை எதிர்காலத்தில் நடப்பதுபோல மாற்றி ஸ்டைன்மன் எழுதிக்கொண்டிருந்த 'நெவர்லேண்ட்' என்ற நாடகத்திலிருந்து. நாடகம் பயிற்சி அரங்கைத் தாண்டவில்லை. பாட்டுகள் தாண்டிவிட்டன. இதுதான் அவர் வழக்கம். முடியாத நாடகங்களிலிருந்து பாட்டுகளைப் பிரித்தெடுத்து பாப் உலகத்துக்கு அனுப்புவார். ஒரே வரியை, ஒரே மெட்டைப் பத்து வருடம் கழித்து வேறொரு பாட்டில் கொண்டுவந்து வைப்பார். எதையும் தூக்கிப்போடுகிற ஆள் இல்லை.

நம் பாட்டும் அப்படித்தான் ஒட்டுப்போட்டு வந்தது. 'டர்ன் அரவுண்ட்' என்று தொடங்கும் அந்த அழைப்பின் வேர் கல்லூரிக் காலத்து 'ட்ரீம் எஞ்ஜின்' நாடகத்தில் இருக்கிறது. மெட்டின் ஒரு பகுதி 1980-இல் வெளிவந்த 'எ ஸ்மால் சர்க்கிள் ஆஃப் ஃபிரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கப் படத்துக்கு அவர் அமைத்த பின்னணி இசையில் வந்துவிட்டது. இரண்டையும் கோத்து எதற்காக வைத்திருந்தார் என்பதைப் பின்னாளில் அவரே சொன்னார்: 'நோஸ்ஃபெராட்டு' என்ற பழைய காட்டேரிக் கதையை இசை நாடகமாக்கும் யோசனை இருந்தது, அதில் வரும் காதல் பாட்டு இது, முதலில் வைத்த பெயர் 'வேம்பயர்ஸ் இன் லவ்'. ரத்தக் காட்டேரிகளின் காதல்.

இதை அவர் சொன்னது 2002-இல், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் காட்டேரி நாடகம் ஒன்றை இறக்குவதற்கு விளம்பரம் தேவைப்பட்ட நேரத்தில். அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. ஆனால் போனி டைலரும், பல வருடம் முன்பே தொடங்கி முடிக்காமல் விட்ட நோஸ்ஃபெராட்டு நாடகத்துப் பாட்டு என்று ஸ்டைன்மன் தன்னிடம் சொன்னதாகப் பேட்டியில் கூறியிருக்கிறார். பாட்டின் வரிகளைப் பார்த்தால் சந்தேகமே எழாது. ஒருகாலத்தில் வாழ்வில் வெளிச்சம் இருந்தது, இப்போது இருட்டில் காதல் மட்டும்தான் என்று ஒரு வரி. இன்று இரவு உன்னை வேண்டும் என்று ஒரு வரி. இறுக்கிப் பிடித்தால் முடிவே இல்லாமல் பிடித்துக்கொண்டிருப்போம் என்கிறாள். என்றென்றைக்கும் என்பது இன்றிரவுதான் ஆரம்பமாகிறது என்கிறாள். சாதாரணக் காதலர்கள் பேசினால் இது மிகைப்பேச்சு. கழுத்தில் பல் பட்டால் சாவே கிடையாது என்றிருக்கும் உலகத்தில் இது வெறும் தகவல்.

சரி, இந்தப் பாட்டு வேல்ஸ் நாட்டுப் பெண்ணிடம் எப்படிப் போனது?

போனி டைலரின் சொந்தப் பெயர் கெய்னர் ஹாப்கின்ஸ். 1951-இல், தெற்கு வேல்ஸில் நீத் நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்கூவன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. உள்ளூர் கிளப்புகளில் பாடிப் பாடி மேலே வந்தவர். 1976-இல் 'லாஸ்ட் இன் ஃபிரான்ஸ்' ஓடியது. அந்தச் சமயத்தில்தான் குரல்வளையில் கட்டிகள் வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆறு வாரம் வாயே திறக்கக்கூடாது என்றார் மருத்துவர். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் கத்திவிட்டார். அதோடு குரலில் ஒரு கரகரப்பு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இனி பாட முடியாதோ என்று பயந்திருக்கிறார். அதே கரகரப்போடு பாடிய 'இட்ஸ் எ ஹார்ட்டேக்' அமெரிக்காவில் 3-வது இடம்வரை ஏறியது.

அதற்கப்புறம் இறக்கம். அவருடைய நிர்வாகிகளே பாட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கண்ட்ரி வாடை அடிக்கும் மெல்லிய பாட்டுகள். டைலருக்கு ராக் பாட வேண்டும். 1981-இல் பழைய ஒப்பந்தம் முடிந்ததும் சி.பி.எஸ். என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறினார். தொலைக்காட்சியில் மீட் லோஃப் 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' பாடுவதைப் பார்த்திருந்தவர், அதை எழுதிய ஆள்தான் வேண்டும் என்று கேட்டார். அவர் எங்கே, நீ எங்கே என்பதுதான் நிறுவனத்தில் கிடைத்த முதல் பதில். இருந்தாலும் தூது போனார்கள்.

1982-இல் நியூயார்க்கில் ஸ்டைன்மனின் வீட்டில் சந்திப்பு. அவர் உடனே பாட்டு எதுவும் எடுத்து நீட்டவில்லை. வேறு இரண்டு பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஒன்று க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 'ஹேவ் யூ எவர் ஸீன் தி ரெய்ன்', இன்னொன்று ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவின் 'கோயிங் த்ரூ தி மோஷன்ஸ்'. டைலருக்கு இரண்டும் பிடித்துப்போனது. பிடிக்காமல் போயிருந்தால் இவளோடு வேலை செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பியிருப்பாராம். அதாவது அது ரசனைக்கு வைத்த தேர்வு. சில வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, பியானோவில் உட்கார்ந்து நம் பாட்டை வாசித்துக் காட்டினார். பாடிக் காட்டியது ரோரி டாட்.

இந்த டாட் ஏற்கெனவே ஸ்டைன்மனின் வீட்டுப் பிள்ளை மாதிரி. 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' பின்குரல்களில் இருந்தவர். 1981-இல் ஸ்டைன்மன் தன் பெயரிலேயே வெளியிட்ட 'பேட் ஃபார் குட்' ஆல்பத்திலும் சில பாட்டுகளை இவர்தான் பாடினார். ஏன்? ஸ்டைன்மனின் குரல் அவர் எழுதும் பாட்டுகளுக்குத் தாங்காது. தான் எழுதுவதைத் தானே பாட முடியாதவர் என்பது அவருடைய தொழில் வாழ்க்கை முழுக்க வந்த தொந்தரவு. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய தொண்டையைத் தேட வேண்டியிருந்தது. மீட் லோஃப் கிடைத்தார், அவருக்குத் தொண்டை கெட்டது. இப்போது டைலர், தொண்டை கெட்டபிறகே பேர் வாங்கியவர்.

ஒலிப்பதிவு நடந்தது நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் கூடத்தில். முன்னொரு காலத்தில் மின்சார நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த கட்டடம், பெயரும் அதிலிருந்தே வந்தது. உயரமான மரக்கூரை, அதனால் அங்கே பதிவாகும் டிரம்ஸுக்குத் தனிக் கனம். டிரம்ஸ் வாசித்தது மேக்ஸ் வைன்பெர்க், பியானோ ராய் பிட்டன். இரண்டு பேரும் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவான இ ஸ்ட்ரீட் பேண்டின் தூண்கள். கிட்டார் ரிக் டெரிஞ்சர். பாட்டு நீளம் ஏறக்குறைய 7 நிமிடம். வானொலிக்காக வெட்டியபோது நாலரை நிமிடம் மிஞ்சியது. முழு வடிவத்தைக் கேட்காதவர்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். வெட்டியதில் போனது வெறும் திரும்பச் சொல்லல் அல்ல, மூச்சு வாங்கும் இடங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வரிகள் பி-ஃபிளாட் மைனர் என்ற சோகச் சாயலுள்ள சுரக்கட்டில் தொடங்குகின்றன. அவள் ஒவ்வொரு முறையும் 'அவ்வப்போது' என்றுதான் ஆரம்பிக்கிறாள். தனிமை, களைப்பு, பதற்றம், பயம் என்று பட்டியல் நீளுகிறது. வார்த்தை அமைப்பு ஒன்றேதான். கேட்கிறவனுக்குச் சலிக்க வேண்டும். ஆனால் சலிப்பதற்கு முன் அடியிலிருக்கும் சுருதி நகர்ந்துவிடுகிறது. நம் கச்சேரியில் தம்புரா முழுநேரமும் ஒரே சுருதியில் நிற்கும், பாடுகிறவர் எங்கே போனாலும் திரும்பி வரத் தரை இருக்கும். இங்கே தரையே மேலே ஏறுகிறது. அதே வாக்கியத்தை இன்னும் உயரத்திலிருந்து சொல்ல வேண்டிய கட்டாயம் பாடகிக்கு. இத்தனைக்கும் டிரம்ஸ் முழுப் பலத்தோடு வருவதில்லை, பின்னால் காத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் 'நொறுங்கிப்போகிறேன்' என்ற பொருள்படும் வரியில் மெட்டு உடைந்து, ஏ-ஃபிளாட் மேஜரில் பல்லவி திறக்கிறது. வைன்பெர்க் எல்லாவற்றையும் கொட்டுகிறார்.

இதில் ஒரு விசித்திரம். பல்லவி மேஜரில் இருக்கிறது. மேற்கத்திய இசையில் வெளிச்சத்துக்கும் வெற்றிக்கும் பயன்படுத்தும் சுரக்கட்டு அது. வார்த்தைகளோ இருட்டைப் பற்றி. தோல்வியை வெற்றிக்கான இசையில் பாடும்போது கேட்கிறவனுக்கு அழுவதா கையைத் தூக்குவதா என்று புரியாமல் போய்விடுகிறது. மது விடுதிகளில் இந்தப் பாட்டுக்குக் கூட்டமாகக் கையை உயர்த்திக் கத்துகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் மனமுடைந்தவர்கள் இல்லை. ஆனால் மனமுடைந்தால் இப்படி உடைய வேண்டும் என்று தோன்ற வைக்கிறது மெட்டு.

பல்லவி உச்சத்துக்குப் போன பிறகு என்ன செய்வார்கள்? சாதாரண பாப் பாட்டில் அதையே இன்னும் சத்தமாகப் பாடி முடிப்பார்கள். ஸ்டைன்மன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார். பியானோ மட்டும். ஒருகாலத்தில் காதலில் விழுந்துகொண்டிருந்தேன், இப்போது உதிர்ந்துகொண்டிருக்கிறேன் என்ற பொருளில் அவள் கிட்டத்தட்ட பேசுகிறாள். என்னால் செய்ய முடிந்தது எதுவுமில்லை என்கிறாள். இந்த இடத்தில்தான் டைலரின் தொண்டை வேலை செய்கிறது. கரகரப்பான குரல் கத்தும்போது மட்டுமே எடுபடும் என்று நினைப்போம். இங்கே அடக்கி வாசிக்கும்போது, சொல்லின் கடைசியில் குரல் பிசிறடித்து நிற்கிறது. ஓபரா பாடகி ஒருத்தி இதைச் சுத்தமாகப் பாடியிருந்தால் நாடகம் நாடகமாகவே இருந்திருக்கும். எழுதியவர் பிரமாண்டத்தைக் கட்டுகிறார், பாடுகிறவர் அதற்குள் ஒரு தொழிலாளி வீட்டுப் பெண்ணாக நின்று நிஜமாகவே கஷ்டப்படுகிறார். கண்ணடிப்பதில்லை, இது கொஞ்சம் கேலிக்கூத்துதான் என்று நமக்கு ஜாடை காட்டுவதில்லை. பாட்டைப் பின்னாளில் எடுத்துப் பாடிய பலர் தோற்ற இடம் இதுதான்.

இன்னொன்று, பாட்டில் கதையே கிடையாது. ஏன் பிரிந்தார்கள், யார் தப்பு, அவன் வருவானா, ஒன்றும் தெரியாது. வெடிமருந்துப் பீப்பாய்க்குள் வாழ்ந்துகொண்டு தீப்பொறி பறக்கவிடுகிறோம் என்று ஒரு வரி வருகிறது. அதற்குமேல் விவரம் கேட்கக்கூடாது. முழு நாடகம் எழுதப்பட்டிருந்தால் முந்தைய காட்சியில் எல்லாம் தெரிந்திருக்கும். நாடகம் இல்லாததால் முந்தைய காட்சியை ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து போட்டுக்கொள்கிறார்கள்.

இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று ஒரு பழைய சண்டையும் உண்டு. தனக்காக எழுதியது, தன் இசைத்தட்டு நிறுவனம் ஸ்டைன்மனுக்குப் பணம் கொடுக்க மறுத்ததால் அவர் பாட்டுகள் டைலருக்கும் ஏர் சப்ளை என்ற இசைக்குழுவுக்கும் போய்விட்டன என்று மீட் லோஃப் கடைசிவரை சொல்லிவந்தார். ஸ்டைன்மனோ டைலரின் குரலைக் காட்டுவதற்கென்றே எழுதியதாக 1983-இல் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் காட்டேரிக் கதை வேறு. மூன்றும் ஓரளவு உண்மையாக இருக்கலாம், ஸ்டைன்மன் சரக்குகளைக் கையாளும் விதம் தெரிந்தால் இதில் ஆச்சரியமில்லை. மீட் லோஃப் அந்த வருடம் அவருடைய பாட்டுகள் இல்லாமலே 'மிட்நைட் அட் தி லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஆல்பத்தை வெளியிட்டார். அமெரிக்காவில் அது எடுபடவில்லை.

டைலரின் பாட்டோ 1983 மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கீழே இறக்கியது மைக்கேல் ஜாக்ஸனின் 'பில்லி ஜீன்' பாட்டை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் எலும்பும் தசையும் மட்டும், ஒரு சொட்டுக்கூட அதிகம் கிடையாது. மற்றதில் எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த வருடத்தின் நாகரிகம் முதல் வகைதான்: ஸிந்தசைஸர், உணர்ச்சி காட்டாத முகம், அளந்த குரல். டைலரின் பாட்டு அதற்கு முழு எதிர்ப்பக்கம். அதனாலேயே காதில் விழுந்தது என்றும் சொல்லலாம்.

அக்டோபர் மாதம் அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. பில்போர்டு பட்டியலில் டைலர் 4 வாரம் முதலிடம். அதே காலத்தில் இரண்டாமிடத்தில் ஆஸ்திரேலியாவின் ஏர் சப்ளை பாடிய 'மேக்கிங் லவ் அவுட் ஆஃப் நத்திங் அட் ஆல்' நின்றது. அதையும் எழுதித் தயாரித்தவர் ஸ்டைன்மன். அதிலும் வைன்பெர்க், பிட்டன். தன் பாட்டைத் தன் பாட்டே முதலிடத்துக்கு வராமல் தடுத்த கதை. பாடத் தெரியாத ஆளுக்கு மோசமில்லை.

வீடியோ. இதைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் பாதிப் பேருக்குப் பாட்டு என்றாலே வீடியோதான் ஞாபகம் வரும். இயக்கியவர் ஆஸ்திரேலியரான ரஸல் மல்கேஹி. 1981-இல் எம்.டிவி என்ற அமெரிக்க இசைத் தொலைக்காட்சி தொடங்கியபோது முதன்முதலாக ஒளிபரப்பிய 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்' இவர் எடுத்தது. 1982-இல் டுரான் டுரான் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவை இலங்கைக்கு அழைத்துப்போய் சிகிரியாப் பாறையிலும் காட்டிலும் ஆற்றிலும் படம் பிடித்தவரும் இவரே. 'ஸேவ் எ பிரேயர்', 'ஹங்க்ரி லைக் தி வுல்ஃப்' வீடியோக்களில் அந்த இடங்களைப் பார்க்கலாம். பாட்டின் பொருளுக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை. கண்ணுக்கு ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

டைலருக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தின் வெர்ஜினியா வாட்டரில் இருக்கும் ஹாலோவே சானடோரியம். 1885-இல் திறந்த மனநல மருத்துவமனை, கோத்திக் பாணியில் கோட்டை மாதிரி நிற்கும் செங்கல் கட்டடம். 1980-இல் மூடிவிட்டார்கள். படப்பிடிப்பு நடந்தபோது ஆளற்றுக் கிடந்தது. காவல் நாய்களே கீழ்த்தளத்து அறைகளுக்குள் போக மறுத்தன என்று டைலர் பின்னால் சொல்லியிருக்கிறார். நாய்கள் ஏன் மறுத்தனவோ, சொல்கிறவருக்கு அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்பது தெரிகிறது.

அந்தக் கட்டடத்துக்குள் ஓர் ஆண்கள் விடுதிப் பள்ளியை வைத்தார் மல்கேஹி. வெள்ளை உடையில் டைலர் நடைவழிகளில் அலைகிறார். சன்னல்கள் படார் படாரென்று திறக்கின்றன, திரைச்சீலைகள் பறக்கின்றன, மெழுகுவத்திகள், புறாக்கள். மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்கள் திடீரென்று ரகளையில் இறங்குகிறார்கள். நிஞ்சாக்கள் வருகிறார்கள், ஏன் என்று கேட்கக்கூடாது. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் குட்டிக்கரணம் அடிக்கிறார்கள். கோஷ்டிப் பாடகர்களான சிறுவர்களின் கண்களில் விளக்கு எரிகிறது. கடைசியில் அவர் ஒரு ஆசிரியை என்பதுபோலக் காட்டி, பையன்கள் வரிசையாகக் கை குலுக்கும்போது ஒருவனுக்கு மட்டும் கண் மின்னுகிறது. இணையக் காலத்தில், 2009 வாக்கில், திரையில் என்ன தெரிகிறதோ அதையே வரிகளாக்கிப் பாடிய ஒரு நையாண்டிப் பதிப்பு பெரிதாகப் பரவியது. அது அத்தனை கச்சிதமாகப் பொருந்தியதற்குக் காரணம், வீடியோவில் நடக்கும் எதற்கும் விளக்கம் இல்லை என்பதுதான்.

ஆனால் மேலே சொன்ன காட்டேரிக் கதையை மனத்தில் வைத்து அந்த வீடியோவை மறுபடி பார்த்தால் சில விஷயங்கள் அவ்வளவு அபத்தமாகத் தெரிவதில்லை. இரவு, கோத்திக் மாளிகை, மின்னும் கண்கள், வெள்ளை உடையில் ஒருத்தி, விடிந்ததும் எல்லாம் சாதாரணமாவது. நிஞ்சாக்களுக்கு மட்டும் இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை.

பாட்டு கடைசியில் தன் மேடைக்கே போய்ச் சேர்ந்தது. 1967-இல் ரோமன் பொலான்ஸ்கி எடுத்த காட்டேரி நகைச்சுவைப் படத்தை 1997-இல் வியன்னாவின் ரைமுண்ட் தியேட்டரில் 'டான்ஸ் டெர் வாம்பியர்' என்ற ஜெர்மன் இசை நாடகமாக்கினார்கள். இயக்கம் பொலான்ஸ்கியே, இசை ஸ்டைன்மன், வசனமும் வரிகளும் மிஹாயேல் குன்ட்ஸே. நாயகி சாராவும் காட்டேரிப் பிரபு ஃபோன் க்ரோலாக்கும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிக்கு ஒரு காதல் பாட்டு தேவைப்பட்டது. அவசரத்தில் தன் பழைய வெற்றிப்பாட்டையே எடுத்து வைத்தேன், அது முதலில் காட்டேரிப் பாட்டுதானே என்று ஸ்டைன்மன் விளக்கம் சொன்னார். 'டோட்டாலே ஃபின்ஸ்டர்னிஸ்' என்ற பெயரில் ஜெர்மன் பேசும் நாடுகளில் அது இன்னொரு வாழ்க்கை வாழ்கிறது. அதில் ஆண் குரல் பின்னணியில் ஒளிந்திருப்பதில்லை. அவளுக்குப் பயமும் ஆசையும், அவனுக்குப் பசி. இருவரும் சம பங்கு பாடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு டைலரின் பதிவைக் கேட்டால் டாட் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதறுகிறது.

பிராட்வேயில் நடந்ததோ வேறு. நாடகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது நகைச்சுவையைத் திணித்து, பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கிராஃபோர்டை நாயகனாகப் போட்டு, 2002 டிசம்பர் 9 அன்று திறந்தார்கள். 56 காட்சிகளோடு ஜனவரி 25-இல் மூடினார்கள். விமர்சனங்கள் கிழித்துத் தொங்கவிட்டன. காரணம் பல சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இது: ஸ்டைன்மனின் இசையைச் சிரித்துக்கொண்டே வாசிக்க முடியாது. கொஞ்சம் நக்கல் கலந்தாலும் கோட்டை சரிந்துவிடும். டைலர் 1983-இல் எப்படிச் செய்தாரோ அதற்கு நேர் எதிராகச் செய்தார்கள்.

நடுவில் பாட்டு வேறு பல வேடங்கள் போட்டது. 1995-இல் நிக்கி ஃபிரெஞ்ச் வேகத்தைக் கூட்டி நடனப் பாட்டாக்கினார். அமெரிக்காவில் இரண்டாமிடம் வரை போனது. நாடகத்தைக் கழித்துவிட்டாலும் மெட்டு தனியாக நிற்கும் என்று நிரூபித்த பதிவு, அவ்வளவுதான். 2003 கடைசியில் கரீன் அன்டோன் என்ற பிரெஞ்சுப் பாடகியோடு டைலரே சேர்ந்து 'ஸி தமேன்' என்று பாதி பிரெஞ்சில் பாட, பிரான்ஸில் 10 வாரம் முதலிடம். ஒரு பாட்டு இருபது வருட இடைவெளியில் அதே ஆளுக்கு இரண்டு முறை சோறு போட்டது. கரோக்கே கூடங்களில் கேட்கவே வேண்டாம். அங்கே இதற்கு இன்னொரு வசதி: நன்றாகப் பாடத் தெரியாதவர் கத்தினால் குரல் எப்படி உடையுமோ, அசலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் உடைகிறது.

அப்புறம் நிஜக் கிரகணங்கள். 'இதயத்தின் முழுக் கிரகணம்' என்று பொருள்படும் பெயரைத் தவிர வானியலுக்கும் இந்தப் பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் வந்தபோது, கப்பல் நிறுவனம் ஒன்று டைலரை 'ஓயசிஸ் ஆஃப் தி ஸீஸ்' கப்பலில் ஏற்றி, டி.என்.சி.இ. என்ற இளைஞர் இசைக்குழுவின் துணையோடு கிரகண நேரத்தில் பாட வைத்தது. 66 வயதில். பாட்டு 34 வருடம் கழித்து ஐடியூன்ஸ் பட்டியலின் உச்சிக்குத் திரும்பியது. 2024 ஏப்ரல் 8 கிரகணத்தின்போதும் அதே கூத்து. ஸ்டைன்மன் அதைப் பார்க்க இல்லை, 2021 ஏப்ரலில் காலமானார். அடுத்த ஜனவரியில் மீட் லோஃபும் போய்விட்டார்.

2017-இல் சூரியன் முழுதாக மறைந்திருந்தது மிக அதிகமான இடத்திலும் 2 நிமிடம் 40 விநாடிதான். வெட்டிச் சுருக்கிய வானொலிப் பதிப்புகூட அதற்குள் முடியாது. 2027 ஆகஸ்ட் 2 கிரகணம் எகிப்தின் லக்சர் பக்கம் 6 நிமிடம் 23 விநாடி. ஆல்பத்தில் இருக்கும் முழுப் பாட்டை அங்கே போட்டாலும் கடைசி அரை நிமிடம் வெயிலில்தான் கேட்க வேண்டியிருக்கும்.